ரப்பரைக் கொஞ்ச நாள் பையனிடம் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: வணக்கம். எனக்கு 36 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளியில் படிக்கும்போதே ஃப்ரீஹேண்ட் டிராயிங் ஹையர் பாஸ் பண்ணியவள். இப்போது போட்டோ பார்த்து, கட்டம் போட்டு, பென்சிலில் முகங்கள் வரைகிறேன். தெரிந்தவர்கள் மூலம் ஆர்டரும் வருகிறது. “அப்படியே போட்டோ மாதிரி இருக்கு” என்பார்கள். ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகிறது. ஆனால் போட்டோ இல்லாமல் எதிரே இருக்கிற டம்ளரைக்கூட என்னால் வரைய முடியவில்லை. கை விறைத்துக்கொள்கிறது. போடுவதைவிட அழிப்பதுதான் அதிகம். வாட்டர் கலர் வாங்கி, வீடியோ பார்த்துச் செய்தேன், எல்லாம் சேறாகிவிட்டது. இத்தனைக்கும் மார்கழியில் வாசல் அடைத்துக் கோலம் போடுகிறவள் நான், அப்போதெல்லாம் கை தடுமாறுவதே இல்லை. என் எட்டு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வரைந்து தள்ளுகிறான், பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. கையை எப்படித் தளர்த்துவது? இந்த வயதில் முடியுமா? பையனுக்கு ஷேடிங் சொல்லிக்கொடுக்கலாமா? ஆர்டர்களை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வணக்கம். ஆர்டர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன் கையைப் பார்த்துவிடலாம்.

கட்டம் போடுவதை நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். திட்டமாட்டேன். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சினிமா பேனர்களை வரைந்தவர்களும் கட்டம் போட்டுத்தான் வரைந்தார்கள். கையடக்கமான ஸ்டில் போட்டோ மேல் கட்டம், ஆளைவிடப் பல மடங்கு பெரிய துணி மேல் கட்டம், அப்புறம் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி ஏற்றுவது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது பட்டை பிரஷ். கன்னத்தில் ஒரு வீச்சு ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, மூக்கோரம் நீலம். கிட்டே போனால் வெறும் திட்டுத் திட்டாகத் தெரியும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் முகம் வந்துவிடும். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே துடைத்துக்கொண்டு போய்விட்டது, அது வேறு கதை. ஓவியர் எம்.எஃப். ஹுசைன்கூட பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர்தான், அவர் கை விறைப்பானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே கட்டத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அப்படியானால் உங்கள் கையைக் கட்டிப்போட்டது எது? என் கணிப்பில் மூன்று: படத்தின் அளவு, நேரம், ரப்பர். உங்கள் கட்டம் அநேகமாக அரை இன்ச் இருக்கும். அதற்குள் வேலை செய்ய பென்சிலை எழுதுகிற மாதிரி நுனியில் பிடித்து விரலை மட்டும் அசைத்தால் போதும், மணிக்கட்டுகூடத் தேவையில்லை. விரல் அசைவில் ஒரு கோடு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாது, அதற்கப்புறம் கையைத் தூக்கி வைத்து ஒட்டுப் போட வேண்டும், அதனால்தான் டம்ளரின் பக்கவாட்டுக் கோடு உங்களுக்குத் துண்டு துண்டாக, ரோமம் ரோமமாக வருகிறது. மூன்று வாரம் கையில் இருப்பதால் எந்தக் கோட்டுக்கும் அவசரம் இல்லை, எதையும் உடனே முடிவு செய்ய வேண்டியதில்லை. ரப்பர் இருப்பதால் எந்தக் கோட்டுக்கும் பொறுப்பும் இல்லை. பல வருஷம் இப்படியே பழகிய கையிடம் திடீரென்று “ஃப்ரீயா வரை” என்றால் அது என்ன செய்யும், பாவம்.

இன்னொன்று, டம்ளரை வரையவே முடியவில்லை என்பதைத் திறமைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போட்டோவிலிருந்து வரையும்போது பாதி வேலையை கேமரா ஏற்கனவே முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆழத்தைத் தட்டையாக்கி, எது உள்ளே எது வெளியே என்று சட்டம் போட்டு, வெளிச்சத்தை அசையாமல் நிறுத்திக் கொடுத்துவிடுகிறது. மீதி வேலை இந்தக் கட்டம் கருப்பா, அந்தக் கட்டம் சாம்பலா என்று ஒப்பிடுவது. அந்த ஒப்பீட்டுக் கண் உங்களிடம் நன்றாகவே இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் எதிரே இருக்கிற டம்ளர் உங்கள் தலை ஒரு இன்ச் அசைந்தால் மாறுகிறது, அதன் விளிம்பு வட்டம் எவ்வளவு நசுங்கித் தெரிகிறது என்பதை நீங்கள்தான் அளந்தாக வேண்டும், ஜன்னல் வெளிச்சம் வேறு நகர்ந்துகொண்டே இருக்கும். இது வேறு வேலை. இதற்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கோலத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வாசலில் நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள், கோடு தோளிலிருந்து வருகிறது, விரல் பொடியை விடுவதற்கு மட்டும்தான். ஈர மாவில் போடுகிறவராக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: நனைத்த துணியைப் பிழியப் பிழிய மோதிர விரல் வழியாக இறங்குகிற மாவு நிற்காது, நீங்கள் நின்றால் அந்த இடத்தில் குளம் கட்டிவிடும், அதனால் கை போய்க்கொண்டே இருக்கிறது. ரப்பர் கிடையாது. ஒரு இழை கோணலாகப் போனால் அடுத்த இழையை அதற்குத் தகுந்த மாதிரி வளைத்துச் சமாளிக்கிறீர்கள். மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிடுவீர்கள், யாரும் அதற்கு ஃப்ரேம் போடப்போவதில்லை. ஆக, தளர்ந்த கை உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. பேப்பர் என்று வந்ததும் அது ஒளிந்துகொள்கிறது.

சரி, அதை எப்படி வெளியே கொண்டுவருவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பான ஆலோசனை சொல்கிறார்கள். “மனசுக்குத் தோணினதை வரைங்க, ரிலாக்ஸா இருங்க, தப்பே கிடையாது” என்பார்கள். என் வகுப்புக்கு வருகிற பெரியவர்களிடம் இதைச் சொன்னால் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், பத்து நிமிஷம் கழித்து ஒரு மலை, ஒரு சூரியன், ஒரு தென்னை மரம் வரும். சுதந்திரம் கொடுத்தால் விளையாட்டு வராது. விளையாட்டுக்கு விதி வேண்டும். நொண்டி அடிக்கிற குழந்தை ஒற்றைக் காலில் நிற்பது அந்த விதிக்காகத்தான், அந்த விதிதான் அதைச் சிரிக்கவும் வைக்கிறது. அதனால் நான் உங்களுக்குச் சுதந்திரம் எதுவும் தரப்போவதில்லை. கொஞ்சம் கிறுக்குத்தனமான, ஆனால் கறாரான விதிகளைத் தருகிறேன். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: படம் நன்றாக வர வாய்ப்பே இல்லாத நிலைமையை உண்டாக்குவது. நன்றாக வர முடியாது என்று முன்பே தெரிந்துவிட்டால் கை பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் தாள். வாங்கி வைத்திருக்கிற நல்ல நோட்டைத் தொடவே தொடாதீர்கள். ஏற்றுமதி ஆபீஸில் ஒருபக்கம் அச்சான தாளுக்குப் பஞ்சமா? தப்பாக பிரிண்ட் ஆன பேக்கிங் லிஸ்ட், பழைய இன்வாய்ஸ் என்று கட்டுக் கட்டாகக் கிழிக்கப் போகும். வாடிக்கையாளர் பெயர், விலை இல்லாத தாளாகப் பார்த்து, கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க எழுத்து லேசாகத் தெரிவது நல்லது, அப்படிப்பட்ட தாளில் யாரும் மாஸ்டர்பீஸ் எதிர்பார்க்கமாட்டார்கள். கருவி சாதாரண பால்பாயிண்ட் பேனா. பென்சில் வேண்டாம். ரப்பரைத் தலைப்பில் சொன்னபடி பையனிடம் கொடுத்துவிடுங்கள், அவன் எப்படியும் தொலைத்துவிடுவான்.

முதல் விளையாட்டு, தாளைப் பார்க்காமல் வரைவது. ஓவியக் கல்லூரிகளில் ரொம்பக் காலமாக இருக்கிற பயிற்சிதான், ஆனால் நிறையப் பேர் ஒரு தடவை செய்து, சிரித்து, விட்டுவிடுகிறார்கள். இடது கையை மேஜை மேல் வையுங்கள், விரல்கள் பாதி மடங்கி இருக்கட்டும். போனில் ஐந்து நிமிஷம் அலாரம். பேனாவைத் தாளில் வைத்த பிறகு தாளைப் பார்க்கக் கூடாது, பேனாவை எடுக்கவும் கூடாது. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஆரம்பித்து, கண் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அதே வேகத்தில் பேனாவும் நகர வேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஒரு விரல்தான் முடிந்தது என்றால் சரியாகச் செய்கிறீர்கள். முழுக் கையும் முடிந்துவிட்டது என்றால் ஏமாற்றியிருக்கிறீர்கள், கண் கையைப் பார்க்கவில்லை, “கை என்றால் இப்படி இருக்கும்” என்று தெரிந்ததைப் போட்டுவிட்டது.

அலாரம் அடித்ததும் பாருங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் தாளுக்கு வெளியே, உள்ளங்கையே இருக்காது. கிழிக்கத் தோன்றும், கிழிக்காதீர்கள், ஒரு இடத்தைத் தேடுங்கள். விரல் முட்டியில் தோல் மடிந்து மடிந்து இருக்குமே, அங்கே ஒரு கோடு உள்ளே போய், தயங்கி, சின்னதாகச் சுழித்து வெளியே வந்திருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் கோட்டை நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்தாலும் யோசித்துப் போட முடியாது. அது உங்கள் கைதான், வேறு யார் கையும் இல்லை. தினமும் ஒன்று செய்யுங்கள். கை அலுத்தால் இஞ்சித் துண்டு, வெள்ளைப்பூண்டு, கசங்கிய துப்பட்டா, பையனின் பள்ளி ஷூ, எது அதிகமாக மடிந்தும் முறுக்கியும் இருக்கிறதோ அது.

அடுத்தது இதற்கு நேர்மாறு, வேகம். முப்பது விநாடியில் ஒரு ஆள். இதற்கு வெளியே போக வேண்டும். கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஆரம்பிக்காதீர்கள், ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எரிச்சல்தான் வரும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆளாகத் தேர்ந்தெடுங்கள். டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், இஸ்திரி போடுகிறவர், உழவர் சந்தையில் தராசு பிடிக்கிற அம்மா. புரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது ஒரு தோள் ஏறும், ஒரு தோள் இறங்கும், இடுப்பு பின்னால் போகும். முகத்தையும் விரலையும் விட்டுவிட்டு, தோளின் சரிவுக்கு ஒரு கோடு, இடுப்பின் சரிவுக்கு ஒரு கோடு, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதற்கு மேலிருந்து கீழே ஒரு நீளக் கோடு, இவ்வளவு போதும், அதற்குள் அவர் அடுத்த அசைவுக்குப் போயிருப்பார். போகட்டும். அதன் மேலேயே அடுத்த அசைவைப் போடுங்கள். இன்னும் சில விநாடியில் அவர் பழைய நிலைக்குத் திரும்பி வருவார், விட்ட இடத்தில் தொடரலாம். ஒரே உடம்பில் நாலு கை, மூன்று தலை என்று ஒரு பக்கம் வந்தால் அதுதான் சரியான பக்கம். யாராவது எட்டிப் பார்த்து “என்ன மேடம் வரையறீங்க” என்பார்கள். “சும்மா” என்று சொன்னால் போய்விடுவார்கள். ஒருத்தரையே ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக நேரமில்லை என்றால் டிவியில் கபடி மேட்ச் ஓடும்போது சவுண்டைக் குறைத்துவிட்டு இதையே செய்யலாம். மியூட் செய்தால் வீட்டில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

தோளுக்கு வேலை கொடுக்கிற விளையாட்டு ஒன்று வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு இன்ச் பிரஷ் ஒன்று வாங்குங்கள், கூடவே ஒரு பாட்டில் கருப்பு போஸ்டர் கலர். தரையில் நாளிதழை நாலு தாள் ஒட்டி விரித்து, கோலத்துக்கு நிற்கிற மாதிரியே நின்றுகொண்டு, வீட்டில் இருக்கிற பெரிய சாமான் ஒன்றை வரையுங்கள். குக்கர், ஃபேன், சைக்கிள். விதி: மொத்தமே பதினைந்து இழுப்பு. ஒவ்வொரு இழுப்பையும் பையன் சத்தமாக எண்ண வேண்டும். பதினைந்து முடிந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும், சைக்கிளுக்குப் பின் சக்கரம் வரவில்லை என்றாலும் சரி. எண்ணிக்கை குறையக் குறைய எதை விடலாம், எதை விட முடியாது என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டியிருக்கும், உங்கள் கட்டம் இதுவரை உங்களைச் செய்யவிடாத வேலை அதுதான்.

இனி வாட்டர் கலர். சேறாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காரணம் அநேகமாக இரண்டு. ஒன்று, பெட்டியில் இருக்கிற எல்லா வண்ணத்தையும் தொட்டிருப்பீர்கள். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் பழுப்புச் சாம்பல்தான் வரும், அது நிறமிகளின் குணம், உங்கள் தப்பு இல்லை. இரண்டாவது, பாதி காய்ந்த நேரத்தில் கை வைத்திருப்பீர்கள். தாள் பளபளவென்று ஈரமாக இருக்கும்வரை வண்ணத்தை விடலாம், தானாகப் பரவும். பளபளப்பு மங்கி, ஆனால் இன்னும் ஈரம் இருக்கிற அந்த இடைநேரம்தான் ஆபத்து, அப்போது ஒரு சொட்டு பட்டாலும் ஓரம் ஓரமாக வெடித்துக்கொண்டு போகும், ஓவியர்கள் அதற்கு காலிஃப்ளவர் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எழுந்து போய்விடுங்கள், அரிசி களைந்து போடுங்கள், துணி மடியுங்கள். திரும்பி வந்து புறங்கையைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். சில்லிப்பு போன பிறகுதான் அடுத்த பூச்சு.

வண்ணம் இரண்டே இரண்டு: அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. ஒரு மாதத்துக்கு மற்றதை எல்லாம் பெட்டிக்குள் பூட்டிவிடுங்கள். இந்த இரண்டையும் கலந்தால் நீலம் தூக்கலான சாம்பல், பழுப்பு தூக்கலான சாம்பல், கிட்டத்தட்ட கருப்பு, மூன்றும் கிடைக்கும், எப்படிக் கலந்தாலும் அசிங்கமாக வராது. அல்ட்ராமரைன் தாளின் சொரசொரப்புக்குள் இறங்கி மணல் மணலாகத் தங்கும், மழை வருகிற வானத்துக்கு அதைவிட என்ன வேண்டும். தாள் விஷயத்தில் மட்டும் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய டிராயிங் தாள் தண்ணீர் பட்டால் அப்பளமாகிவிடும், பிறகு வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற எண்) தாள் வாங்கி, ஏ4 அளவு ஒன்றை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். போஸ்ட் கார்டு அளவு. சின்னது என்பதால் கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸ் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கார்டுகளில்தான் படம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார், நாலு கோடு, கொஞ்சம் மை, ஒரு ஆடோ ஒரு பனை மரமோ, தபாலில் போட்டுவிடுவார். அவ்வளவு பெரிய ஆசிரியரே தினப்படி கையை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்டில் என்ன வரைவது என்று யோசிக்க வேண்டாம். தண்ணீரைத் தடவி, நீலம் ஒரு சொட்டு, பழுப்பு ஒரு சொட்டு விட்டு, தாளைச் சாய்த்து ஓடவிட்டு, காயவிடுங்கள். காய்ந்ததும் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு பக்கத்திலிருந்து ஒரு மாடு தெரியும், மூட்டை தூக்குகிற ஆள் தெரியும், ஒரு பாட்டியின் மூக்கு தெரியும். பேனாவால் அதற்கு வேண்டியதை மட்டும் சேருங்கள். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. எதுவுமே தெரியவில்லை என்றால் அந்தக் கார்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியதே அறுபது வயதைத் தாண்டித்தான், அதுவும் எப்படி? கவிதை எழுதுகிற தாளில் அடித்த வரிகள் அங்கங்கே கிடந்து அவர் கண்ணை உறுத்தின. அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று சேர்த்து இழுத்து, பறவையாக, பேர் தெரியாத மிருகமாக ஆக்கிக்கொண்டே போனார். 1930இல் பாரிஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாம் ரப்பரால் துடைத்துவிடுகிற இடத்திலிருந்து அவர் ஆரம்பித்தார். 36 வயதில் முடியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்ன சொல்ல.

நீங்கள் பார்த்த வீடியோக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லூஸ் ஸ்டைல் என்று நாலு வீச்சில் ரோஜா வரைகிறார்களே, அவர்கள் அதே ரோஜாவை எத்தனையோ தடவை போட்டுப் பழகிய பிறகுதான் கேமராவை ஆன் செய்கிறார்கள். அந்த நாலு வீச்சை அப்படியே பார்த்து நகல் எடுப்பதும் போட்டோவை நகல் எடுப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது, சொல்லப்போனால் போட்டோவே தேவலை. தளர்ச்சி என்பது தெறிப்பும் வழிசலும் இல்லை. ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்திக் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். பேனாவும் மையும்தான். கோடுகள் கிறுக்கின மாதிரி ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு ஓடும். ஆனால் அந்த முதுகு வளைவு, அந்தக் காது, தடி ஊன்றின கை, ஒன்றும் நழுவியிருக்காது. உங்கள் மாதிரி நிதானமாகப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாமல் அந்த வேகம் வராது. அதனால் இத்தனை வருஷம் கட்டம் போட்டது வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம்? தினமும் பத்து நிமிஷம், ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்ட பிறகோ. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று ஒதுக்காதீர்கள், மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டால் அதற்கு ஈடாக ஏதாவது உருப்படியாக வர வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், நீங்கள் வேறு கணக்குப் பிரிவு. தாளின் பின்னால் தேதி போட்டு, ஒரு அட்டைப்பெட்டியில் தள்ளிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டிப் பார்த்தால் போதும். ஃபேமிலி குரூப்பில் போடாதீர்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். “போட்டோ மாதிரி இருக்கு” என்று சொல்லிப் பழகியவர்கள் உங்கள் மூன்று தலை புரோட்டா மாஸ்டரைப் பார்த்து “என்னாச்சு, உடம்பு சரியில்லையா” என்றுதான் கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பையனுக்கு ஷேடிங் இப்போது வேண்டாம். அவனாகக் கேட்டால் காட்டுங்கள். அதைவிட அவனோடு ஒரு விளையாட்டு ஆடுங்கள், 1920களில் பாரிஸில் சர்ரியலிஸ்ட், அதாவது கனவு மாதிரி விசித்திரங்களைத் தேடிய, கவிஞர்களும் ஓவியர்களும் கூடி உட்கார்ந்து ஆடியது. ஒரு தாளை மூன்றாக மடித்து, மேல் பகுதியில் ஒருவர் தலை வரைய வேண்டும், கழுத்துக் கோட்டின் நுனியை மட்டும் மடிப்புக்குக் கீழே கொஞ்சம் நீட்டிவிட்டு மறைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பார்க்காமல் உடம்பு, பிறகு மறுபடி முதலாமவர் கால். பிரித்தால் அவன் வரைந்த டைனோசர் தலைக்குக் கீழே நீங்கள் ஷேட் பண்ணின பட்டுப்புடவை வரும், அதற்குக் கீழே ஜேசிபி சக்கரம் இருக்கும். அவன் பக்கத்தில் நீங்கள் வரையும்போது அவன் கோட்டைத் திருத்தக் கூடாது, உங்கள் தாளில் அவன் கை வைத்தாலும் தடுக்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இப்போது ஆர்டர். நிறுத்த வேண்டாம், அது உங்கள் சொந்தச் சம்பாத்தியம், அதில் கிடைக்கிற மரியாதையும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடுத்த ஆர்டர் வரும்போது ஒரு போட்டோவுக்குப் பதில் அதே ஆளின் மூன்று போட்டோ கேளுங்கள், முடிந்தால் சிரிக்கிற வீடியோ ஒன்று. ஸ்கேலை எடுப்பதற்கு முன்னால் பேக்கிங் லிஸ்ட் பின்பக்கத்தில் பேனாவால் அந்த முகத்தை இரண்டு இரண்டு நிமிஷமாக ஏழெட்டுத் தடவை வரையுங்கள், பிறகு தடித்த மார்க்கரால் வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றே நிறத்தில் தீப்பெட்டி அளவில் ஒன்று. அதற்கப்புறம் வழக்கம்போல் கட்டம் போட்டு வேலையைப் பாருங்கள். முகத்தில் எது முக்கியம் என்று முன்பே தெரிந்துவிடுவதால் முடியையும் சட்டைக் காலரையும் ஒவ்வொரு இழையாகப் போடத் தோன்றாது, இப்போது ஆகிற மூன்று வாரமும் கொஞ்சம் குறையும். ஆர்டர் வாங்க வருகிறவர் மேஜை மேல் கிடக்கிற அந்தப் பேனாக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு “இது நல்லா இருக்கே, இதையும் தர்றீங்களா” என்று கேட்டால் இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கும் ஒரு விலை சொல்லுங்கள்.